மணி வேலை செய்யாது, பலமாகத் தட்டவும்

அவர் யாரிடமும் முதலில் பெயர் கேட்டதில்லை. கதிரையைக் காட்டுவார். வந்தவர் உட்கார்ந்ததும் நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார், பேனையைத் திறப்பார், பிறகு கேட்பார்: “கடிதம் உங்களை எங்க வந்து பிடிக்கும்?”

முகவரி என்ன என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். அவருக்கு ஒரு வரி போதாது. முன்கதவா, பக்கக் கதவா? என்ன நிறம்? மணி அடித்தால் உள்ளே கேட்குமா? வீட்டில் எத்தனை குடும்பம், தபாலைப் பொறுக்கி எடுப்பது யார், அந்த ஆளோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டா? அடிபட்டு, காடு கடந்து, லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்து லண்டன் வந்து சேர்ந்த மனிதன் தன் கதையைச் சொல்ல வாயைத் திறந்தபடி இருப்பான். இவர் கதவின் நிறத்திலேயே நிற்பார். இதையெல்லாம் தமிழில் கேட்க வேண்டியவன் நான். “அண்ணை, உங்கட வீட்டுக் கதவு என்ன கலர்?” என்று கேட்கும்போது, எந்த விசரனிடம் வந்து மாட்டினோம் என்பதுபோல என்னைத்தான் பார்ப்பார்கள், அவரை அல்ல.

இல்ஃபோர்டில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். அவரோடு பத்து வருடம் நான் அங்கே மொழிபெயர்ப்பாளன், கோப்பு அடுக்குபவன், தேநீர் வாங்கி வருபவன். அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரை நாடொன்றிலிருந்து வந்த வழக்கறிஞர். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். காரணம் பயம்தான், என்னுடைய பயம் மட்டும் அல்ல. அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் பத்து வருடம் ஒருவரின் பேச்சை உடனுக்குடன் யாழ்ப்பாணத் தமிழாக்கியவனுக்கு அவர் குரல் வேறு மொழியில் ஞாபகம் வருவதில்லை. ஆகவே இங்கே அவரும், ஆங்கிலம் பேசுகிற மற்றவர்களும் என் தமிழில்தான் பேசுவார்கள்.

எங்கள் ஆட்கள் காத்திருக்கும் அறையில் அவரை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆப்பிரிக்கரைக் குறிக்க நம்மிடம் ஒரு அசிங்கமான சொல் இருக்கிறது. அதோடு ‘லோயர்’ என்பதை ஒட்டிவிடுவார்கள். தங்கள் உயிரைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து அந்தச் சொல்லைச் சொல்வார்கள். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது.

“இவை என்னை ஏதோ சொல்லுகினம். என்ன அது?”

“அப்புக்காத்து எண்டு சொல்லுகினம் சேர். எங்கட ஊரில பழைய ஆக்கள் பெரிய வழக்கறிஞரை அப்பிடித்தான் சொல்லுறவை” என்றேன்.

நம்பினாரோ இல்லையோ, அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழர் யாராவது போன் எடுத்தால், “அப்புக்காத்து பேசுகிறேன்” என்று தொண்டையைத் திறந்து சொல்வார். மறுமுனையில் சிரித்தவர்கள் நாளடைவில் வாய் நிறைய அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். நான் சொன்ன பொய்களில் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான். நானும் இனி அவரை அப்படியே சொல்கிறேன்.

அவரிடம் வேலைக்குச் சேரும் முன்பு அவரிடம் வழக்குக் கொடுத்தவன் நான். அப்போது வடலண்டனில், எட்மண்டனில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஒட்டுப்போட்டுக் கட்டிய ஒற்றை அறையில் மூன்று பேர் இருந்தோம். பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போய்த்தான் உள்ளே நுழைய வேண்டும். அரசாங்கப் படிவத்தில் நான் வீட்டு நம்பரை மட்டும் எழுதினேன். பின் வீடு என்று எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு தெருவைப் பார்த்த வீடு. இன்னொருவரின் வளவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன் என்று ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. லண்டனில் அப்போது என்னைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் என் பக்கத்தில் படுத்தவர்கள். யாரிடம் மானத்தைக் காப்பாற்றினேனோ தெரியாது.

என் அகதி விண்ணப்பத்தை மறுத்த கடிதம் முன்வீட்டுக்குப் போனது. அங்கிருந்தவர்கள் அதைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கான நாட்கள் கடந்தன. ஒரு காலையில் வந்து என்னைப் பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். திருப்பி அனுப்பும் விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது.

முகாமில் யாரோ தந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். வந்தவர் அவர். தழும்புகளைக் காட்டுவதற்காக நான் சட்டையைக் கழற்றப் போனேன்.

“அது பிறகு. கடிதம் உம்மை எங்க வந்து பிடிச்சிருக்க வேணும்?”

பின் வீட்டுக் கதையைச் சொன்னேன். இந்த அற்ப வெட்கத்துக்காகச் சாகப் போகிறேனே என்று அழுதேன். அவர் சிரிக்கவில்லை. “என்ர நாட்டிலயும் இப்பிடித்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால, மாமரத்துக்கு முன்னால எண்டுதான் வீடு. நம்பரை நம்பி வளந்த ஆக்கள் இல்லை நாங்கள்” என்றார்.

மறுநாள் மழையில் எட்மண்டனுக்குப் போயிருக்கிறார். முன்வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்று, கடைசியில் உள்ளே போய், பெட்டியைத் தரையில் கொட்டி, உடைக்காத அந்த உறையைக் கண்டுபிடித்திருக்கிறார். அதை நீதிபதியின் முன்னால் வைத்தார். பிந்திய மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் வென்றேன். இன்று நான் உயிரோடு இருந்து இதை எழுதுவது அந்த மூன்று மணி நேரத்தால்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த மேன்முறையீட்டுப் படிவத்தில், தட்டச்சு செய்த என் முகவரிக்குக் கீழே, அவர் தன் கையால் எழுதினார். இடக்கைக்காரர், எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, காற்றுக்கு எதிராக நடப்பவர்கள் போல இருக்கும். ‘பின் வீடு. பக்கத்து ஒழுங்கை, மண்ணிறக் கதவு. மணி வேலை செய்யாது. பலமாகத் தட்டவும். ஆள் உள்ளேதான் இருப்பார்.’

“கடைசி வசனம் ஏன் சேர்?”

“மணியை அடிச்சுப் பாத்திட்டு, ஆள் இல்லை எண்டு திரும்பிப் போவினம். வேலை செய்ய அனுமதி இல்லாத மனுசன் எங்க போகப்போறான்? நீர் உள்ளுக்கைதான் இருப்பீர்.”

எழுதி முடித்ததும் வரியில் மிச்சமிருந்த வெற்றிடத்தை ஓரம் வரைக்கும் ஒரு கோட்டால் அடைத்தார். பிறகு யாரும் அதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாது. அதன் முடிவில் ஒரு சின்னச் சரி அடையாளம். வாசித்தேன் என்று பொருள்.

அவரோடு வேலை செய்த பத்து வருடத்தில் இந்த வரிகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சில நாள் பின்னேரங்களில் ‘வாரும், நடப்பம்’ என்று கிளம்பிவிடுவார். புதிதாக வந்தவர்களின் வீடுகளைப் போய்ப் பார்ப்பதற்கு. மணியை அமத்திப் பார்ப்பார். தபால் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு வீட்டில் நாய் அவர் விரலைக் கவ்விவிட்டது. ‘நாய் உண்டு’ என்று அன்றே கோப்பில் சேர்த்தார். என் மனைவி சாந்தி வைக்கும் கோழிக்கறியை ஏப்பம் விடும்வரை சாப்பிட்டுவிட்டு, “உங்கட மிளகாய்க்குப் பயந்த சுபாவம்” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தன் ஊர் மிளகாய்த் தூளை எடுத்துத் தூவிக்கொள்வார். வெடிச் சிரிப்பு. ஆனால் ஒரு தபால் பிந்தினால் அந்த ஆளோடு நின்று பேச முடியாது.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். லண்டனில் அவர் எடுத்த முதலாவது வழக்கில் கடிதம் மேல்மாடிக்குப் போவதற்குப் பதில் கீழ்மாடிக்குப் போய், அந்த மனிதனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவனைப் பற்றிச் செய்தி இல்லை. இரண்டாவது காரணத்தை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இராணுவ ஆட்சியில், இளம் வழக்கறிஞராக இருந்தபோது, அவரைத் தெருவில் வைத்துத் தூக்கிப்போனார்கள். நாற்பது நாள். “என்ர அம்மா மூண்டு மறியலுக்கும் அலைஞ்சவ. ஒரு இடத்திலயும் என்ர பேரில ஒரு கடதாசி இல்லை. கடதாசி இல்லையெண்டால் ஆளும் இல்லை, விளங்குதா?” மறியல் என்று எங்கள் ஊரில் சிறையைச் சொல்வோம். எனக்கு விளங்கியது. எங்கள் நாட்டில் அப்படிக் கடதாசி இல்லாமல் போனவர்களின் தாய்மாரை நானும் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் அவர் வேறு ஆளாக இருந்தார். தென்லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவருடைய நாட்டவர்கள் கூடுவார்கள். நாட்டில் தடைசெய்த கட்சி. அவர் பேசுவதைக் கேட்க ஒருமுறை போயிருந்தேன். ‘ஒவ்வொரு பிடியாணைக்கும் ஒரு நகல், ஒவ்வொரு நகலும் சரியான வீட்டுக்கு’ என்றார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. மறியலே இல்லாத நாடு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சரியான கடதாசி உள்ள நாடு வேண்டும் என்றார். அன்று எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நானும் எழுந்து நின்று தட்டினேன்.

ஆட்சி விழுந்தது. கட்சி அவரைக் கூப்பிட்டது. போவதற்கு முதல் வாரம் வெஸ்ட் ஈலிங் கோயில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் சேர்ந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். காத்திருக்கும் அறையில் அந்தச் சொல்லைச் சொன்னவர்களும் வரிசையில் நின்று போர்த்தினார்கள். அவர் கைகூப்பி நின்றார். அழுதார். நானும் அழுதேன்.

பிறகு அவரைச் செய்தியில்தான் பார்த்தோம். நாடாளுமன்ற உறுப்பினர், சட்ட அமைச்சர், கடைசியில் பொலிசையும் மறியல்களையும் வைத்திருக்கும் உள்நாட்டு அமைச்சர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீடுகளில் எனக்கு முன்வரிசையில் கதிரை கிடைத்தது. “இவர்தான் அந்த மினிஸ்டரோட பத்து வருசம் வேலை செய்தவர்” என்று சாந்தியே அறிமுகம் செய்வாள்.

அமைச்சராகி இரண்டாவது வருடம் லண்டனுக்கு வந்தார். என்னைத் தேடி ஆள் அனுப்பினார். பெரிய ஹோட்டல். நான் கொண்டுபோன ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டியைக் காவலர் ஒருவர் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். அவர் வெடித்துச் சிரித்து, இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணாடி அதே நெற்றியில் இருந்தது.

“உமக்கு ஒண்டு சொல்லுறன். நான் கொண்டுவந்த சட்டம். பிடிக்கிற ஆளின்ர வீட்டில கட்டளையின்ர நகல் குடுக்கவேணும். என்ர நாட்டில இப்ப ஒருத்தரும் கடதாசி இல்லாமல் காணாமல் போறதில்லை.”

“இவ்வளவு கடதாசியையும் வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்குமா சேர்?”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “வாசிக்காமல் நான் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கிறதில்லை. உமக்கே தெரியாதா?”

எனக்குத் தெரியும். சந்தேகம் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். விடைபெறும்போது பேனையைத் திறந்தார். “இப்ப கடிதம் உம்மை எங்க வந்து பிடிக்கும்?” நாங்கள் இல்ஃபோர்டில் வாங்கியிருந்த வீட்டின் நம்பரைச் சொன்னேன், சிவப்புக் கதவு என்றேன், மணி நன்றாக வேலை செய்யும் என்று சொல்லிச் சிரித்தேன். குறித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம், இவ்வளவு பெரிய மனிதர் என் கதவின் நிறத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாரே என்று மனம் நிறைந்திருந்தது.

அவருக்குப் பிறகு அந்த அலுவலகத்தை எடுத்து நடத்துபவர் பிரவீணா. இங்கேயே பிறந்த எங்கள் பிள்ளை, கெட்டிக்கார வழக்கறிஞர். நான் இன்னமும் அங்கேதான் கோப்பு அடுக்குகிறேன். போன வருடம் ஒரு பெண் வந்தார். அப்புக்காத்துவின் நாட்டவர். பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர். அரசாங்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்த வாரம் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. தேடப் போன மனைவியையும் மிரட்டினார்கள். அவர் லண்டனுக்குத் தப்பி வந்து அகதி விண்ணப்பம் கொடுத்து, அது மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்கு எங்களிடம் வந்திருந்தார். தோற்றால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள்.

அவரிடம் இருந்த ஒரே சான்று, கணவரைப் பிடிக்க அமைச்சர் ஒப்பமிட்ட கட்டளையின் நகல். புதுச் சட்டப்படி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனது. அரசாங்கத் தரப்பு அதை நம்பவில்லை. காரணமும் எழுதியிருந்தார்கள்: தட்டச்சு செய்த உத்தியோகபூர்வக் கட்டளையில், வீட்டுக்கு வழி சொல்லும் கையெழுத்து வரிகள் இருக்கின்றன, ஓர் அமைச்சர் இப்படி எழுதுவார் என்று நம்புவதற்கில்லை, ஆகவே இது பின்னர் யாரோ தயாரித்த கடதாசியாக இருக்கலாம்.

பிரவீணா என்னிடம் நகலெடுக்கத் தந்தார். இயந்திரத்தின் மூடியைத் திறந்து கடதாசியைக் கவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். முகவரிக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

‘மருந்துக்கடைக்குப் பின்னால். நீலப் படலை. மணி வேலை செய்யாது. பலமாகத் தட்டவும். ஆள் உள்ளேதான் இருப்பார்.’

அதன் பிறகு ஓரம் வரைக்கும் ஒரு கோடு. கோட்டின் முடிவில் சின்னச் சரி அடையாளம்.

நான் பத்துப் பிரதி எடுத்தேன், அடுக்கினேன், துளையிட்டேன், கோப்பில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறேன் என்று ஆகிவிடும். வீட்டில் அலுமாரிக்கு மேல் இருந்த என் பழைய வழக்குக் கோப்பை எடுத்து, பின் வீடு என்ற அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அப்புக்காத்து காலத்துக் கோப்புகளையெல்லாம் அலுவலகம் காலம் முடிந்ததென்று எப்போதோ அழித்துவிட்டது, இதையும் கிழித்து மறுசுழற்சித் தொட்டிக்குள் போட்டால் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. தொட்டிவரைக்கும் கொண்டுபோனேன். ஆயிரம் கடதாசிக்கு நடுவில் யாரோ நீட்டியதை வாசிக்காமல் ஒப்பமிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சரி அடையாளம் விடவில்லை. வாசித்திருக்கிறார். வாசித்தது மட்டுமல்ல, வீட்டைப் பிழைவிடாமல் கண்டுபிடிப்பதற்கு உதவியும் செய்திருக்கிறார்.

ஆறாம் நாள் அந்தப் பெண் கையெழுத்து வைக்க வந்தார். பிரவீணா போனில் இருந்தார். நான் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டேன். “உங்கட வீட்டு மணி வேலை செய்யாது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மினிஸ்டர் எங்கட வீட்டுக்கு மூண்டு தரம் வந்தவர். அவர் எலக்சன் கேக்கேக்கை என்ர மனுசன்தான் வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போனவர். நான் சமைச்சுக் குடுத்தனான். முதல் நாள் வாசலில நிண்டு கனநேரம் மணி அடிச்சவர். நான்தான் போய்த் திறந்து, மணி வேலை செய்யாது, அடுத்த முறை பலமாத் தட்டுங்கோ எண்டு சொன்னனான்.”

அதைச் சொன்னதும் அவர் தேநீரைத் தள்ளி வைத்தார். இந்தப் பெண் சமைத்த சாப்பாட்டில் அப்புக்காத்து மிளகாய்த் தூள் தூவியிருக்க மாட்டார், அது அவருடைய சொந்த ஊர்ச் சாப்பாடுதானே என்று ஒரு தேவையில்லாத நினைப்பு வந்தது. பிறகு பிரவீணாவின் அறைக்குப் போய், அவர் போனை வைக்கும்வரை நின்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

“அங்கிள், யூ நோ வட் திஸ் மீன்ஸ்? உங்கட ஃபைலைக் குடுத்து, நீங்கள் கோர்ட்ல சொல்லவேணும். அவரின்ர ரைட்டிங்தான் எண்டு.”

“ஓம்.”

“ஆர் யூ ஷுவர்?”

“ஓம் எண்டு சொல்லிட்டன் பிள்ளை.”

சாந்திக்குச் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தாள். “என்னப்பா, அந்த மனுசன் இல்லையெண்டால் நீங்களே இல்லை. எனக்குத் தாலியும் இல்லை, பிள்ளையளும் இல்லை. நன்றி கெட்ட வேலை எண்டு சனம் காறித் துப்பும்.”

“தெரியும்.”

“அவருக்கு எங்கட வீடும் தெரியும்.”

பிறகு அவளே கேட்டாள். “அந்த ரீச்சர் பிள்ளைக்கு என்ன வயசு?” சொன்னேன். எழுந்து போய் அடுப்பைத் திரும்ப மூட்டினாள். அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசவில்லை, தடுக்கவும் இல்லை.

நீதிமன்றத்தில் அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் என்னைக் கேட்டார். “இந்த மனிதரோடு உங்களுக்கு ஏதாவது பகை உண்டா?”

“இல்லை.”

“அவர் உங்களுக்கு என்ன செய்தார்?”

“என்ர உயிரைக் காப்பாற்றினவர்.”

அவர் தன் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி என் பழைய பக்கத்தையும் அந்தக் கட்டளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு சாய்ந்த எழுத்து, இரண்டு கோடு, இரண்டு சரி அடையாளம். ஒன்றில் என்னைக் காப்பாற்ற ஒரு கடிதத்துக்கு வழி சொல்லியிருந்தது. மற்றதில் ஒரு மனிதனைக் கொண்டுபோகும் ஜீப்புக்கு வழி சொல்லியிருந்தது. வசனங்கள் ஒன்றுதான். அவர் அவற்றை மாற்றி எழுத வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. நீதிபதி வாசிக்கும்போது நான் கூண்டிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்காக அழுதேன் என்று பிரவீணா நினைத்தார். நான் அப்புக்காத்துவுக்காக அழுதேன்.

வழக்கில் வென்றோம். தீர்ப்பு வந்த கிழமை சாந்தி ஒரு தகரம் பெயின்ற் வாங்கி வந்தாள். எங்கள் கதவு இப்போது சாம்பல் நிறம். நம்பரை மாற்ற முடியாது என்று கவுன்சிலில் சொல்லிவிட்டார்கள். சில நண்பர்கள் என்னோடு பேசுவதில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரையும் இல்லை. அந்தப் பெண்ணின் கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவருடைய பெயரில் ஒரு கடதாசி மட்டும் இருக்கிறது.

வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க அவர் கடைசியாக ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தார். படிவத்தை நிரப்புவது என் வேலை. அன்று அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது. நான் பேனையைத் திறந்தேன். பத்து வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

“கடிதம் உங்களை எங்க வந்து பிடிக்கும்?”

சிரிப்பு போய்விட்டது. அவர் நம்பரையும் தெருவையும் மெல்லச் சொன்னார். நான் எழுதினேன். எழுதிவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்துக்குப் பேனையைக் கொண்டுபோய், “கதவு என்ன...” என்று தொடங்கியதும் அவர் கையை நீட்டிக் கடதாசியை மூடினார்.

“அதை எழுதாதேங்கோ. எழுதினதையும் வெட்டுங்கோ. இந்த ஒஃபிசின்ர அட்ரஸைப் போடுங்கோ. நான் வந்து எடுக்கிறன்.”

வெட்டினேன். ஒரு எழுத்தும் தெரியாதபடி வெட்டினேன். அவர் அந்தக் கடதாசியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தந்தார்.

அட்டை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பிரவீணா அந்தப் பெண்ணுக்குப் போனில் சொன்னார், அவர் வந்து வாங்கிக்கொண்டார், எனக்கு நன்றி சொன்னார். படியிறங்கித் தெருவுக்குப் போனபோது எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நான் யன்னலால் எட்டிப் பார்க்கவில்லை.